ஆரணிக்குச் சேலை எடுக்கப் போனேன்

ஆரணிக்கு ரயிலில் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். விழுப்புரம் – காட்பாடி பாதையில் ‘ஆரணி ரோடு’ என்று ஒரு ஸ்டேஷன் இருப்பது உண்மைதான். ஆனால் அது இருப்பது களம்பூரில்! அங்கே இறங்கி இன்னும் சுமார் பத்து கிலோமீட்டர் பஸ்ஸில் போக வேண்டும். 1890-களில் மீட்டர் கேஜ் பாதை போட்ட போதே ரயில் ஆரணியை ஒதுக்கிவிட்டுப் போய்விட்டது. அகலப் பாதை வந்த பிறகும் அதே கதைதான். 2006-07-ல் அனுமதி கிடைத்த திண்டிவனம் – நகரி பாதையை ஆரணி வழியாகத் திட்டமிட்டார்கள். ஊர்க்காரர்கள் அதைப் பற்றி இன்றும் டீக்கடையில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எனவே நான் வேலூர் வரை வந்து, அங்கிருந்து கண்ணமங்கலம் வழியாகப் பஸ்ஸில்தான் போனேன். பெரிய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. முகூர்த்தச் சேலையை ஆரணியில்தான் எடுப்பது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். “சென்னையில் இல்லாத கடையா?” என்றார் என்னவர். கடை இருக்கலாம். என் சித்தி மகள் அங்கே இல்லையே! ஆரணியிலிருந்து தேவிகாபுரம் போகிற சாலையில், உள்ளே தள்ளி ஒரு சின்ன நெசவுக் கிராமத்தில்தான் அவளுக்கு வீடும் தறியும். பார்த்துப் பதினைந்து வருஷத்துக்கு மேலாகிறது. சேலை ஒரு சாக்கு என்றுகூடச் சொல்லலாம்.

கண்ணமங்கலம் தாண்டியதும் மேற்கே ஜவ்வாது மலை நீலமாகக் கூடவே வருகிறது. அந்த மலைப் பக்கமிருந்து இறங்கி வருகிற கமண்டல நாகநதியின் கரையில்தான் ஆரணி இருக்கிறது. ஆற்றுக்கு அணியாக இருப்பதால் ஆரணி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ஜமதக்னி முனிவரின் கமண்டலத்து நீர் கவிழ்ந்து ஓடியதுதான் கமண்டல நதி என்றும் கதை. ரேணுகாம்பாள் கோயில் கொண்ட படவேடு பக்கத்தில்தானே இருக்கிறது! ஆடி வெள்ளியில் அந்தப் பக்கம் பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைக்காது. நான் போனது தை மாசம். ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக, பாவாடைக் கரை அகலத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் மணல். கார்த்திகை மழையில் இதே ஆறு இரு கரையும் முட்டி ஓடி, பிறகு செய்யாற்றில் கலந்து, செய்யாறு பாலாற்றில் கலக்கிறது.

ஊருக்குள் நுழையும்போதே ஒரு வாசனை. நெல் அவிக்கிற வாசனை. ஆரணி என்றால் நமக்குப் பட்டுதான் ஞாபகம் வரும். ஆனால் சுற்றிலும் அரிசி ஆலைகள். களம்பூர்ப் பொன்னி என்று மூட்டையில் போட்டு வருகிறதே, அது இந்தப் பக்கத்து அரிசிதான். சமையலறைக்கும் பீரோவுக்கும் ஒரே ஊரிலிருந்து சரக்கு வருவது எவ்வளவு சௌகரியம்!

இந்த நெல் வயல்கள் சண்டைக்கும் உதவியிருக்கின்றன. 1751-ல் ஆற்காட்டுக் கோட்டைக்குள் ஐம்பது நாள் முற்றுகையில் இருந்த ராபர்ட் கிளைவ், முற்றுகை விலகியதும் சும்மா இருக்கவில்லை. பின்வாங்கிய ராஜா சாகிபையும் பிரெஞ்சுக்காரர்களையும் துரத்திக்கொண்டு வந்து, டிசம்பர் மாதம் ஆரணியில் மடக்கினார். கிளைவிடம் இருந்த ஆட்கள் குறைவு. எதிரிகள் அதிகம். ஆனால் நடுவில் இருந்தது சேறு நிறைந்த நெல் வயல். கூட்டமாக வந்தவர்களால் அதில் வேகமாக வர முடியவில்லை. நடவு நட்டுப் பழகிய எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள்! முப்பது வருஷம் கழித்து, 1782 ஜூன் மாதம் இதே ஆரணிக்கு அருகில் ஹைதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் மோதினார்கள். ஹைதர் தம் படைக்கு வேண்டிய சாமான்களை ஆரணிக் கோட்டையில்தான் சேர்த்து வைத்திருந்தார். கோட்டைக்குள் இன்று கைலாசநாதர் கோயில் இருக்கிறது. பக்கத்து மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள்.

ஊரை நெடுங்காலம் ஆண்டவர்கள் மராத்திய ஜாகீர்தார்கள். அவர்களுடைய அரண்மனை எஸ்.வி. நகரத்தில், அதாவது சத்திய விஜய நகரத்தில் இருக்கிறது. சத்திய விஜய தீர்த்தர் என்ற மாத்வ மடாதிபதியின் பிருந்தாவனம் அங்கே இருப்பதால் அந்தப் பெயர். பூசிமலைக்குப்பத்தில் அவர்களுடைய இன்னொரு மாளிகை சிதைந்து நிற்கிறது. ஒரு காலத்தில் எத்தனை பேர் கைகட்டி நின்ற வாசலோ! பதினாறாம் நூற்றாண்டில் அப்பய்ய தீட்சிதர் பிறந்த அடையபலமும் இங்கிருந்து கூப்பிடு தூரம்தான். எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

ஆற்றங்கரையில் இருக்கும் புத்திரகாமேட்டீசுவரர் கோயிலுக்கு மட்டும் போனேன். தசரதர் புத்திரகாமேஷ்டி யாகம் செய்த இடம் என்று நம்பிக்கை. குழந்தை வேண்டி வருகிறவர்கள் அதிகம். எனக்கு முன்னால் வரிசையில் நின்ற பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். கோவிலை விட்டு வெளியே வரும்போது, அந்த அம்மாளே அவளிடம், “டாக்டர் அம்மா சொன்ன மாத்திரையையும் வுட்டுடாதே” என்றார். அந்த மாமியாரை எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று.

சரி, பட்டுக்கு வருகிறேன். ஆரணி முதலில் பேர் வாங்கியது பட்டில் மட்டுமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆரணி மஸ்லின் என்ற மெல்லிய பருத்தித் துணிக்கு வெள்ளைக்காரர்களிடமே நல்ல மதிப்பு இருந்தது. ஆலைத்துணி கப்பலில் வந்து இறங்க இறங்க, மஸ்லின் போய்விட்டது. பட்டு நின்றது. இன்று ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. காஞ்சிபுரம் சேலையைவிடக் கனம் குறைவு, கட்டிக்கொண்டு பந்தியில் பரிமாறலாம். காஞ்சிபுரத்துக் கடைகளில் விற்கிற சேலைகளில் ஆரணிப் பக்கத்தில் நெய்ததும் உண்டு. அதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். நெய்தவர் சொல்லிக்கொள்ள அங்கே இருக்க மாட்டார்.

தங்கை வீட்டுக்குப் போய்ச் சேரும்போது விளக்கு வைக்கிற நேரம். தெருவில் நுழைந்ததுமே எனக்கு என்னவோ போல் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் என்னவென்று புரிந்தது. சத்தம் இல்லை. நான் சிறுமியாக கோடை விடுமுறைக்கு வந்தபோது இந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். ராத்திரி படுத்தால் அந்தச் சத்தத்திலேயே தூக்கம் வரும். இப்போது தெருவுக்கே நாலைந்து வீட்டில்தான் தறி ஓடுகிறது. மற்ற வீடுகளுக்குப் புது வர்ணம், திண்ணையை எடுத்துவிட்டு கிரில் கேட்.

“வாக்கா! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?” என்று தங்கை கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் சிவப்பும் அரக்குமாகச் சாயம்.

வீட்டில் நுழைந்ததும் முதல் அறையே தறிதான். குழித்தறி. தரையில் பள்ளம் வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிக்க வேண்டும். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டியும், ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாலையாகவும் தொங்குகின்றன. அந்த ஓட்டைதான் எந்த நூல் மேலே எழும்ப வேண்டும் என்று சொல்கிறது. கரையில் அன்னமும் மயிலும் வருவது அதனால்தான்.

ஒரு சேலை தறிக்கு வருவதற்கு முன்னால் எத்தனை கை மாறுகிறது தெரியுமா? நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து. நூலை முறுக்கேற்றி, சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் அவித்து அதன் பசையைப் போக்குவார்கள். பட்டுக்கு அந்தப் பளபளப்பு வருவது அப்போதுதான். பிறகு சாயம், நிழலில் உலர்த்தல், கண்டிலிருந்து சுற்றி எடுத்தல், பாவு ஓட்டுதல். விடியற்காலையில் தெரு நெடுகப் பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டு நீவி விடுவார்கள். மழை வந்தால் அன்றைக்கு வேலை போச்சு. கடைசியாகப் பிணைப்பு. பழைய பாவின் ஒவ்வொரு நூல் முனையோடும் புதுப் பாவின் ஒரு நூலை, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான நூல்! பெண்கள்தான் இதில் கெட்டிக்காரர்கள். தார் சுற்றுவதும் பெண்கள், பிள்ளைகள், வயதானவர்கள். இந்த வேலைக்கெல்லாம் தனியாகக் கூலி என்று பெரும்பாலும் கிடையாது. சேலைக்குக் கொடுக்கிற கூலியிலேயே எல்லாம் அடக்கம். நாம் வீட்டில் செய்கிற வேலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கோர்வைச் சேலை என்றால் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா வேண்டும். நெய்கிறவர் இரண்டைப் பார்த்துக்கொள்வார். மூன்றாவதை வீச, பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். முன்பெல்லாம் அந்த இடத்தில் ஒரு குழந்தையைத்தான் உட்கார வைப்பார்கள்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, தங்கைக்கு ஆறோ ஏழோ. நான் வேலூரில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு அரசாங்க வேலை கிடைத்து எங்கள் குடும்பம் தறியை விட்டுப் போயிருந்தது. விடுமுறைக்கு வந்தால் இவள் பக்கத்துத் தெருவில் ஒரு முதலாளி வீட்டுத் தறியில் கரை நாடா வீசிக்கொண்டிருப்பாள். நான் வாசற்படியில் நின்று பார்ப்பேன். அந்தப் பளபளக்கும் நூல், ஜரிகை, அவள் கை போகிற வேகம்! எனக்கு ஒரே பொறாமை. “எனக்கும் ஒரு தடவை குடுடி” என்று கெஞ்சியிருக்கிறேன். அவள் தலையை நிமிர்த்தாமலேயே, “முதலாளி அடிப்பாரு” என்பாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அன்றிரவு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது நான் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“அப்பாரு முன்பணம் வாங்கியிருந்தாருக்கா. தாத்தா காரியத்துக்கு. அது கழியிற வரைக்கும் நான் ஒக்காரணும். கழியறதுக்குள்ள இன்னொன்னு வாங்கிடுவாரு. மூணாங்கிளாஸோட சரி. நீ வாசல்ல ரிப்பன் கட்டிகினு நிப்ப. எனக்கு உன்னப் பாத்தா அழுகையா வரும்.”

நாற்பது வருஷமாக எனக்கு இது தெரியாது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது 1986-ல். அதன் பிறகும் இந்தப் பக்கத்துத் தறிகளில் பிள்ளைகள் உட்கார்ந்துகொண்டுதான் இருந்தார்கள். அதிகாரிகளும் தொண்டு நிறுவனங்களும் வீடு வீடாக வந்து, மீட்ட பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி நடத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அந்த வழக்கம் குறைந்தது. தங்கைக்கு அதனால் பிரயோஜனம் இல்லை. அதற்குள் அவளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. இன்றைக்கு அந்தக் குழந்தை உட்கார்ந்த இடத்தில் தங்கையின் கணவர் உட்காருகிறார். முழங்கால் தேய்ந்து மிதி மிதிக்க முடியவில்லை. எனவே தங்கை நெய்கிறாள், அவர் கரை போடுகிறார்.

அவர்களுக்கு ஒரே பெண். பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள். செய்யாறு சிப்காட்டில் இருக்கும் ஷூ கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ் கிராமம் கிராமமாக வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. இவள் ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. பொழுது விடிவதற்குள் போய்ப் பொழுது சாய்ந்து வருகிறாள். பிராவிடண்ட் ஃபண்டு உண்டு, ஈ.எஸ்.ஐ. உண்டு, சம்பளம் அவள் பேரில் பாங்கில் விழுகிறது. இந்தக் கடைசி விஷயத்தைத் தங்கை மூன்று தடவை சொன்னாள்.

“கால் வலிக்காதாடி?” என்றேன் பெண்ணிடம்.

“நின்னுகினே இருக்கணும் பெரியம்மா, வலிக்கும்தான். ஆனா அம்மா மாதிரி குழியில இல்லியே. லீவு போட்டா லீவு. சம்பளத் தேதின்னா சம்பளம்.”

சொல்லி முடிப்பதற்குள் கொட்டாவி. தட்டைக் கழுவிவிட்டு வந்தவள் பாயை விரித்ததும் தூங்கிவிட்டாள். அவள் அந்த ஊரில் விழித்திருப்பதே ஞாயிற்றுக்கிழமைதான்!

மறுநாள் சேலை விஷயம். டவுனுக்குப் போய் இரண்டு கடை பார்த்தோம். தங்கை கூட இருந்ததால் நான் தப்பித்தேன். உங்களுக்கும் உபயோகப்படட்டும், சொல்கிறேன். பட்டு முத்திரை இருந்தால் பட்டு சுத்தம் என்றுதான் அர்த்தம். கையால் நெய்ததா என்று அது சொல்லாது. அதற்குக் கைத்தறி முத்திரை தனியாக இருக்கிறது. 2006-லிருந்து தருகிறார்கள். விசைத்தறியில் ஓட்டியதைக் கைத்தறி விலைக்குத் தள்ளிவிடுகிற கடைகளும் உண்டு. நல்ல ஜரிகையை லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரியும். வாங்கி வந்த பிறகு பிளாஸ்டிக் உறையில் வைக்காதீர்கள். பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். இரண்டு மூன்று மாசத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அங்கேயே இற்றுப் போகும். ரச கற்பூர உருண்டை ஜரிகைமேல் படவே கூடாது.

கடையில் எனக்கு ஒரு அரக்குச் சேலை பிடித்தது. தங்கை விரலால் கரையை வருடிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். வெளியே வந்ததும் மெல்லச் சொன்னாள்: “நம்ம தறியில மூணு சேலைப் பாவு போட்டிருக்கேன். ஒண்ணு அறுத்தாச்சு. ரெண்டாவது நெய்யறது அரக்கு, பச்சைக் கரை. முதலாளிகிட்ட கேட்டு நானே வாங்கித் தரேன். பொண்ணுக்கு என் கையால நெஞ்சதா இருக்கட்டும்.”

எனக்குத் தொண்டை அடைத்தது. அவள் அடுத்ததையும் சொன்னாள்.

“இந்தப் பாவு அறுத்ததும் குழியை மூடிடலாம்னு இருக்கேன்கா. பொண்ணுக்கு எடம் வந்துகினு இருக்குது. வரவங்களுக்கு ஒக்கார எடம் வேணுமில்ல? டைல்ஸ் போட்டுட்டா முன்னறை பெரிசாயிடும்.”

ராத்திரி சாப்பிடும்போது இந்தப் பேச்சு மறுபடி வந்தது. அவள் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, “குழியை மூடினா நான் காலை எங்க வெச்சுக்கிறது?” என்றார். மனுஷர் வேடிக்கையாகத்தான் சொன்னார். யாரும் பதில் சொல்லவில்லை. அவர் அப்பா வெட்டிய குழி அது. மழைக்காலத்தில் அதில் தண்ணீர் ஊறினால் சொம்பால் மொண்டு ஊற்றிவிட்டு நெய்வார்களாம்.

மூன்றாம் நாள் நான் கிளம்ப வேண்டும். இருட்டோடு எழுந்து தங்கையுடன் தெருமுனைக்குப் போனேன். பனி. தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றார்கள். எல்லார் கையிலும் டிபன் பை, கழுத்தில் அடையாள அட்டை. ஒருத்திக்குக் கைக்குழந்தை இருக்கிறதாம். பாட்டியிடம் விட்டுவிட்டு வருகிறாள். “தூங்கும்போதே வந்துடணும். முழிச்சுப் பாத்துட்டா வர முடியாது” என்றாள். எதிரே கிழவர் ஒருவர் தெருவில் பாவு நீட்டுவதற்குக் கழி நட்டுக்கொண்டிருந்தார். முன்பு இந்தத் தெரு முழுக்க இந்த நேரத்தில் பாவுதான் இருக்கும். பஸ் போய்விட்டால்தான் அவர் கட்ட முடியும். அவரும் காத்துக்கொண்டு நின்றார்.

பஸ் வந்தது. எங்கள் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து கையை ஆட்டினாள். முனை திரும்புவதற்குள் தலை ஜன்னலில் சாய்ந்துவிட்டது. தங்கை பின்விளக்கு மறைகிற வரை நின்றுவிட்டு, “வா, ஒரு வாய் காப்பி குடி” என்றாள்.

என் பஸ்ஸுக்கு ஏழரை மணி. தங்கையின் கணவர் ஜரிகை வாங்க முதல் பஸ்ஸிலேயே டவுனுக்குப் போயிருந்தார். அவள் குழியில் இறங்கிக் காலைத் தொங்கவிட்டாள். நான் கரை போடுகிற இடத்தில் உட்கார்ந்தேன்.

“எனக்கும் ஒரு தடவை குடுடி” என்றேன்.

சிரித்துவிட்டு நாடாவை என் கையில் வைத்தாள். எப்படிப் பிடிப்பது, எப்போது வீசுவது என்று சொன்னாள். நாலு தடவை வீசினேன். மூன்று தடவை தப்பாகப் போயிற்று. அவள் பொறுமையாக ஒவ்வொரு இழையையும் பின்னுக்கு எடுத்தாள். ஐந்தாவது தடவை நாடாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

“வுடுக்கா. உன் பொண்ணு முகூர்த்தச் சேலை, பாழாப் போயிடும்.”